கனடாவில் கடையில் விற்கிறார்களாம், என் மகனுக்கு என்ன பதில் சொல்ல?

கேள்வி: எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்பும் இரண்டு மாடும்தான் பிழைப்பு. மகனுக்கு 20 வயது. டிப்ளமோ முடித்து ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான். சனிக்கிழமை ராத்திரி பைக்கில் வீட்டுக்கு வருவான். போன மாதம் அவன் பைக் டேங்க் கவரில் ஒரு கஞ்சா பொட்டலம் இருந்தது. எடுத்துக் குப்பைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டேன். கேட்டால் மறைக்கவில்லை. "கனடாவுல இருக்கிற அண்ணனைக் கேளும்மா. அங்க கடையில பில் போட்டு விக்கிறாங்க. இங்கயும் அப்படி வுட்டுட்டா போலீசுக்கும் வேலை மிச்சம், எங்களுக்கும் பயம் இல்ல" என்கிறான். என் அக்கா மகனிடம் போனில் கேட்டேன். "ஆமா சித்தி, உண்மைதான்" என்றான். ஏரிக்கரையில் விற்கிற பையன் யாரென்று எனக்குத் தெரியும். சொன்னால் என் மகன் மேலேயும் கேஸ் வந்துவிடுமோ என்று பயம். அவன் சொல்வது சரியா? நான் என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. "வாயை மூடு" என்று அதட்டினால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவன் காதில் ஏறாது. அவன் சொல்வதில் எது உண்மையோ அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா விற்பனைக்குச் சட்ட அனுமதி உண்டு. வயது வந்தவர் வெளியில் 30 கிராம் வரை வைத்திருக்கலாம், பெரும்பாலான மாகாணங்களில் வீட்டில் நான்கு செடி வளர்க்கலாம். நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயது ஆகியிருக்க வேண்டும். இதனால் போலீசுக்கு வேலை குறைந்ததா என்றால், ஒரு பக்கம் நிச்சயமாகக் குறைந்தது. பாக்கெட்டில் வைத்திருந்ததற்காகப் போடும் கேஸ்கள் சரசரவென்று விழுந்துவிட்டன. அமெரிக்காவில் கொலராடோ மாகாண மக்கள் 2012இல் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள், 2014 ஜனவரி 1இல் கடைகள் திறந்தன. அங்கேயும் இதே கதைதான். அந்த நாட்டில் கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பிடிக்கிறார்கள். ஆனால் வைத்திருந்ததாகக் கைதாவதில் கறுப்பர்கள் 3.6 மடங்கு அதிகம் என்று 2018ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஒரு மனித உரிமை அமைப்பு காட்டியது. சட்டத்தை மாற்றச் சொன்னவர்களின் பெரிய வாதமே இந்த அநியாயம்தான். நம் பக்கமும் செக்போஸ்டில் யாருடைய பையைத் திறக்கச் சொல்கிறார்கள், யாருடைய காரை ஒரு சல்யூட்டோடு அனுப்புகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இது வரைக்கும் உங்கள் மகன் சொன்னது சரி. உங்கள் அக்கா மகன் போனில் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது.

போலீஸ் வேலை அங்கே ஒழிந்துவிடவில்லை, இடம் மாறிவிட்டது. முதலில் ரோட்டைச் சொல்கிறேன், உங்கள் பையன் பைக்கில் வருகிறவன் என்பதால். குடித்திருக்கிறானா என்று பார்க்க "ஊது" என்றால் மெஷின் உடனே எண்ணைக் காட்டிவிடும். கஞ்சாவுக்கு அப்படி எளிதான வழி இல்லை. கனடாவில் எச்சிலை எடுத்துப் பார்க்கிறார்கள், சந்தேகம் வந்தால் ரத்தம் எடுக்கிறார்கள். ஒரு மில்லி ரத்தத்தில் 2 நானோகிராம் போதைச்சத்து இருந்தாலே குற்றம், 5 தாண்டினால் தண்டனை இன்னும் கூடும். தினமும் பிடிக்கிறவன் ரத்தத்தில் அந்தச் சத்து போதை தெளிந்த பிறகும் தங்கியிருக்கும். அதனால் "இப்போது போதையில் இருந்தானா, முந்தாநாள் பிடித்ததா" என்று கோர்ட்டில் வழக்கறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். 2018 டிசம்பர் முதல் போதையில் வண்டி ஓட்டுவதற்கு உச்சபட்ச தண்டனையைப் பத்து ஆண்டாக ஏற்றிவிட்டார்கள். குடியுரிமை வாங்காதவர் அதில் சிக்கினால் நாட்டைவிட்டே அனுப்பும் அளவுக்குப் போகலாம். உங்கள் அக்கா மகன் படிப்பு விசாவிலோ வேலை விசாவிலோ இருந்தால் இது அவனுக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். பில் போட்டு விற்கும் அதே கனடாவில், வயது வராத பிள்ளைக்குக் கஞ்சா கொடுத்தால் 14 ஆண்டு வரை சிறை. ஏரிக்கரையில் விற்கிறவன் பத்தாவது படிக்கிற பையனுக்கும் பொட்டலம் நீட்டினால், அந்த ஊரில் அவனையும் கடுமையாகத்தான் பிடிப்பார்கள்.

கொலராடோவில் கஞ்சா வாசனை பிடிக்கப் பழக்கிய மோப்ப நாய்கள் சிக்கலாகிவிட்டன. சட்டப்படி வைத்திருக்கலாம் என்று ஆன பொருளுக்கு நாய் குரைத்தால், அதை வைத்து வண்டியைச் சோதிக்க முடியுமா? தக்க காரணம் இல்லாமல் அந்த நாயை வண்டியைச் சுற்றி விடவே கூடாது என்று 2019இல் அந்த மாகாண உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறு நாய்களைப் புதிதாகப் பழக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம் என்பதால் பல வங்கிகள் அந்தக் கடைகளுக்குக் கணக்குத் திறக்கத் தயங்கின. கல்லாவில் ரொக்கம் குவிந்தது, கொள்ளைக்காரர்கள் தேடி வந்தார்கள். கலிபோர்னியாவில் 2018இல் கடை திறந்தும் திருட்டு விற்பனை போகவில்லை. வரி ஏறியதால் கடையில் விலை கூடுதல், பாதிக்கு மேற்பட்ட ஊர்களில் கடைக்கே அனுமதி இல்லை, வாங்குகிறவன் பழைய ஆளிடமே போகிறான்.

எனக்கு மனதைப் பிசைந்த கணக்கு குழந்தைகளுடையது. கஞ்சா சேர்த்த மிட்டாய், சாக்லேட், பிஸ்கட் எல்லாம் அங்கே வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டன. அமெரிக்காவில் ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் இவற்றைத் தெரியாமல் தின்று, விஷமுறிவு உதவி மையங்களுக்கு வந்த தகவல்கள் 2017இல் 207. 2021இல் 3,054.

ஆனாலும் அங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் கடை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஒன்டாரியோ ஒவ்வொரு நகராட்சிக்கும் கொடுத்தது. டொரன்டோவை ஒட்டிய மிசிசாகாவும் மார்க்கமும் வேண்டாம் என்றன. மிசிசாகா 2023இல் மனம் மாறி அனுமதித்தது. வேண்டும், வேண்டாம் இரண்டையும் அந்த ஊர்தான் முடிவு செய்தது. கிராம சபையில் தீர்மானம் போட்டு, பெண்கள் வெயிலில் ரோட்டில் உட்கார்ந்தும் மதுக்கடை நகராத ஊர்களை நம் மாவட்டத்தில் இருக்கும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

அரசே கடை வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நாம் கனடா வரை போகத் தேவையில்லை. 2003 முதல் டாஸ்மாக்தான் சில்லறை விற்பனை செய்கிறது. 21 வயதுக்குக் கீழுள்ளவருக்கு விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எந்தக் கவுன்டரில் வயதுச் சான்று கேட்டு யாராவது பார்த்திருக்கிறோமா? எய்ம்ஸ் மருத்துவர்கள் மத்திய அரசுக்காக எடுத்து 2019இல் வெளியான கணக்கெடுப்பில், நாடு முழுக்க 10 முதல் 75 வயதுக்குள் மது குடிப்பவர்கள் 16 கோடி, கஞ்சாவோ, கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கோ எடுப்பவர்கள் 3.1 கோடி. எங்கும் கிடைக்கிற பொருள்தான் அதிக வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. ஆகவே இன்றைய நிலையில் இங்கே கஞ்சாக் கடை திறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே அழுத்தத்தோடு இதையும் சொல்கிறேன்: பொட்டலம் வைத்திருந்த 20 வயதுப் பையனை ஜெயிலுக்கு அனுப்புவதாலும் யாருக்கும் நன்மை இல்லை. பிடிக்கிறவனை ஜெயிலுக்கு அனுப்பாமல், திருட்டுத்தனமாக விற்கிறவனை மட்டும் குற்றவாளியாகப் பார்த்ததுதான் அங்கே நடந்த நல்ல காரியம். கடை திறக்காமலே அதை நாமும் செய்யலாம். நம் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

நம் போதைப்பொருள் சட்டம் 1985இல் வந்தது. அதன்படி கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் 'சிறிய அளவு', ஓராண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு', பத்து ஆண்டுக்குக் குறையாமல் இருபது ஆண்டு வரை, ஜாமீன் கிடைப்பதே குதிரைக்கொம்பு. இடைப்பட்டதற்குப் பத்து ஆண்டு வரை. அஞ்சு கிராம் பொட்டலம் வைத்திருந்தவனும் முக்கால் கிலோ வைத்து விற்கிறவனும் 'சிறிய அளவு' என்ற ஒரே கட்டத்தில்தான் வருகிறார்கள். அந்தப் பொட்டலத்துக்கும் எடை போட்டு, சாம்பிள் எடுத்து, சீல் வைத்து, மகஜர் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, லேபுக்கு அனுப்பி, கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஒரு ஸ்டேஷனில் இருக்கிற நாலைந்து பேரின் நாள் அதிலேயே கரைகிறது. ஆந்திரா – ஒடிசா எல்லை மலைகளிலிருந்து மூட்டையாகக் கிளம்பும் சரக்குக்கு, சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் கூடும் கிருஷ்ணகிரி முக்கியமான வழி. போலீசின் நேரம் செலவாக வேண்டிய இடம் அந்த லாரிகளும், லாரியை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் முதலாளியும்தான்.

உங்கள் மகனுக்கு இந்த 'சிறிய அளவு' கேஸ் சிறியதாக இருக்காது. பைக் பறிமுதல் ஆகலாம். சிப்காட் கம்பெனிகள் நிரந்தர வேலைக்கு எடுக்கும்போது காவல்துறை சரிபார்ப்புச் சான்று கேட்டால் அதில் கேஸ் நிற்கும். பாஸ்போர்ட்டும் இழுபறியாகும். அண்ணன் இருக்கும் கனடாவுக்கு நாளை போக நினைத்தால், விசாக்காரர்கள் கேட்பதும் இந்தச் சான்றைத்தான். இதை மிரட்டலாகச் சொல்லாமல், எதிரே உட்கார வைத்து நிதானமாகச் சொல்லுங்கள்.

நான் சொன்ன இடம் அந்தச் சட்டத்தின் 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ கேஸில் சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்தாமல் விலக்கு அளிக்கலாம். பாதியில் ஓடிவிட்டால் விலக்கு போய்விடும். உங்கள் மகன் மேல் இன்று எந்தக் கேஸும் இல்லை. ஆகவே இப்போது அவனுக்கு வக்கீல் தேவையில்லை, டாக்டர்தான் தேவை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கஞ்சா பிடிப்பவர்களில் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார், பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர். எப்போது ஆரம்பித்தான் என்பதை டாக்டரிடம் அவனே சொல்லட்டும். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கஞ்சா இன்னும் ஆபத்து. நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவான். அதைத் திமிர் என்று எண்ணிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

"ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் கிளம்புவார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். யார் வீட்டுப் பெண்ணையோ கூட்டி வந்து அவள் தலையில் இதைக் கட்டுவது பாவம். மந்திரித்துக் கயிறு கட்டுவதில் மனம் ஆறும் என்றால் கட்டுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். போர்டு மாட்டிய தனியார் மறுவாழ்வு மையம் எதிலாவது சேர்க்கச் சொன்னால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் கேட்டுப் பாருங்கள். அடித்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

இனி ஏரிக்கரைப் பையன். தகவல் தந்தவர் யார் என்று சொல்லும்படி போதைத் தடுப்பு அதிகாரியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று 68ஆம் பிரிவு சொல்கிறது. 1933 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் பெயர் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம். எந்த இடம், எந்த நேரம், எந்த வண்டியில் சரக்கு வருகிறது என்று நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள், மகனை இழுக்க வேண்டாம். ஆனால் மகன் வாங்குவதை நிறுத்திய பிறகு சொல்வதுதான் அவனுக்குப் பாதுகாப்பு, அதனால் முதலில் ஆஸ்பத்திரி. அந்தப் பையன் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடாதீர்கள். அவனும் அநேகமாகத் தன் பொட்டலத்துக்காக விற்கிறவனாக இருப்பான், அவனுக்குச் சரக்கு தருகிறவன் வேறு ஊரில் இருப்பான். அந்த ஆளைப் பிடிப்பதுதான் போலீசின் வேலை. தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் உங்கள் மகளிர் குழுப் பெண்களில் நம்பிக்கையான இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் விளக்குப் போடச் சொல்லி அடுத்த கிராம சபையில் எழுதிக் கொடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 14446 என்ற இலவச எண்ணுக்கு நீங்களே முதலில் பேசுங்கள். சனிக்கிழமை அவன் வந்ததும் திட்டாமல் சாப்பாடு போட்டுவிட்டு விஷயத்தை எடுங்கள். திங்கட்கிழமை அவனை லீவு போடச் சொல்லி, காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், அவன் அப்பாவும் கூட வரட்டும். வரமாட்டேன் என்று அவன் அடம்பிடித்தால் நீங்கள் இருவர் மட்டுமாவது போய் டாக்டரைப் பாருங்கள். எப்படிப் பேசி அவனைக் கூட்டி வருவது என்று அவர் சொல்லித் தருவார்.