வாடிக்கையாளரைப் பிடிப்பதும் விடாமல் காப்பதும்: உங்கள் கேள்விகள், ஈரோட்டிலிருந்து என் பதில்கள்

பதினோரு வருடமாக ஈரோட்டில் இருந்துகொண்டு பெட்ஷீட், துண்டு, தலையணை உறை எல்லாம் ஆன்லைனில் விற்கிறேன். வாடிக்கையாளரோடு உறவு வைத்துக்கொள்வது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன்.

பெருந்துறை, மஞ்சள் தூள் விற்கும் தம்பி: அண்ணா, என்னிடம் 900 நம்பர் இருக்கிறது. தினமும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் படம் அனுப்புகிறேன். ஆர்டரே வருவதில்லை, ஏன்?

முதலில் இதைப் பாருங்க தம்பி. ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான். அதிலும் உங்கள் நம்பரை யார் தங்கள் போனில் சேமித்து வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். 900 பேரில் எத்தனை பேர் சேமித்திருப்பார்கள்? நூறு பேர் இருந்தாலே பெரிது. மற்றவர்களுக்கு நீங்கள் அனுப்பியதே தெரியாது.

சேமிக்க வைக்க ஒரு காரணம் கொடுங்கள். தினமும் காலை வணக்கம் அனுப்பினால் பிளாக்தான் செய்வார்கள், நிறையப் பேர் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் நம்பரே முடங்கிப்போகும். நம் ஈரோடு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் வெளியூர்க்காரருக்கு விரலி எது, கிழங்கு எது என்று இன்னும் தெரியாது. நீங்கள் எதை அரைக்கிறீர்கள், ஏன் அரைக்கிறீர்கள், தை மாசிக்குப் புது மஞ்சள் வரும்போது என்ன விலை போகிறது, இதை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நாலு வரியில் எழுதுங்கள். ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் ஒரு சீட்டு வையுங்கள்: 'இந்த நம்பரைச் சேமித்தால் புது மஞ்சள் வந்ததும் முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.' சொன்னபடி அவர்களுக்கு முதலில் சொல்லவும் வேண்டும்.

சென்னிமலை, பெட்ஷீட்: ஒரு தடவை வாங்கியவர் மறுபடி வருவதில்லை. விளம்பரத்துக்கே காசு போகிறது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் பட்ட அடி கொஞ்சமில்லை.

தொழில் ஆரம்பித்த மூன்றாவது வருடம் மதுரையில் ஒரு அம்மா அடர் நீல பெட்ஷீட் இரண்டு வாங்கினார். முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கி, கூடப் போட்ட வெள்ளை வேட்டி எல்லாம் நீலமாகிவிட்டது என்று போட்டோ அனுப்பினார். நான் என்ன செய்தேன் தெரியுமா, 'சுடுதண்ணியில போட்டிருப்பீங்க' என்று பதில் போட்டேன். அதோடு அவர் போய்விட்டார். அவர் சொல்லி வாங்கிய அவர் தங்கை போய்விட்டார், அந்தக் குடியிருப்பில் வாங்கிக்கொண்டிருந்த ஏழெட்டு வீடும் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து அதே லாட்டில் இருந்து இன்னும் இரண்டு புகார் வந்த பிறகுதான் சாயப்பட்டறைக்குப் போய்க் கேட்டேன். சாயம் ஏற்றிய பிறகு, துணியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தைச் சோப்புப் போட்டு அலசி எடுக்க வேண்டும், அந்த லாட்டில் அவசரத்துக்கு அதைக் குறைத்துவிட்டிருந்தார்கள். அந்த அம்மா சொன்னது அத்தனையும் நிஜம். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் மறுபடி வாங்கவில்லை.

அன்றிலிருந்து, புகார் வந்தால் முதலில் மாற்றுத் துணியை அனுப்பிவிடுவேன், விசாரணை எல்லாம் அப்புறம். அடர் நிறம் எதுவானாலும் ஈர வெள்ளைத்துணியில் தேய்த்துப் பார்க்காமல் பார்சல் கட்டுவதில்லை.

இரண்டாவது விஷயம், ஒரு நோட்டு போடுங்கள். நம் ஊரில் கல்யாணத்துக்கு மொய் நோட்டு எப்படி வைத்திருக்கிறோம்? யார் வந்தார், என்ன செய்தார், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் என்ன திருப்பிச் செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும், இருபது வருடம் ஆனாலும் எடுத்துப் பார்ப்போம். வாடிக்கையாளருக்கும் அப்படி ஒன்று வேண்டும். கட்டில் அளவு, பிடித்த நிறம், மகளுக்குக் கல்யாணம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னது. வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டுக்கொள்ளலாம், எனக்கு இன்னும் கைநோட்டுதான் வசதி. ஆறு மாதம் கழித்து 'அந்தக் கோடு போட்டது எப்படி இருக்குதுங்க, நைந்து போச்சா?' என்று கேளுங்கள். அன்றைக்கு எதையும் விற்காதீர்கள், கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

பொள்ளாச்சி, தேங்காய் எண்ணெய்: கூகுளில் ரிவ்யூ எழுதினால் 50 ரூபாய் தள்ளுபடி தரலாமா?

வேண்டாம். காசோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கே விரோதம், கண்டுபிடித்தால் எடுத்துவிடுவார்கள். பாட்டில் போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து, சமைத்துப் பார்த்திருப்பார்கள் அல்லவா, அப்போது சும்மா கேளுங்கள். எழுதுகிறவர் எழுதுவார்.

திருப்பூர், டி-ஷர்ட்: இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுகிறவர்களுக்குச் சரக்கு இலவசமாகக் கொடுத்தால் போதுமா, பணமும் கொடுக்க வேண்டுமா?

பின்தொடர்பவர் லட்சம் பேர் இருப்பவரை விட, கீழே வரும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்கிற ஆளைத் தேடுங்கள், ஐயாயிரம் பேர் இருந்தாலும் போதும். உழைப்புக்குப் பணம் கொடுத்துவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பணமாகவோ சரக்காகவோ எது கொடுத்தாலும் அது விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகப் போட வேண்டும், விளம்பரத் தர கவுன்சில் 2021லேயே இதைச் சொல்லிவிட்டது. மறைத்தால் அவர் பேரும் கெடும், உங்கள் பேரும் கெடும். உங்கள் சரக்குக்கு இன்னொன்று: மீடியம், லார்ஜ் என்பதோடு நிற்காமல் மார்பளவை இஞ்ச் டேப்பால் அளந்து காட்டச் சொல்லுங்கள், அளவு சரியில்லை என்று திரும்பி வருவது குறையும்.

கரூர், மேஜை விரிப்பு: ஆன்லைனில் அறிமுகமான வடக்கத்திப் பார்ட்டி ஒருவர் முதல் ஆர்டரிலேயே 60 நாள் கடன் கேட்கிறார். விட்டால் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

போனால் போகட்டும். நம்ம ஈரோடு ஜவுளிச் சந்தை, கனி மார்க்கெட்டில் திங்கள் ராத்திரி கடை விரித்து செவ்வாய்க்கிழமை வியாபாரம் பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வாரா வாரம் முகம் பார்த்துப் பழகிய ஆளுக்குத்தான் கடன். உங்களுக்கு அவர் முகமே தெரியாது. முதல் இரண்டு ஆர்டர் முழுப்பணம் வாங்கிக்கொண்டு சின்னதாக அனுப்புங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் அவர் நம்பரைப் போட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும், காசு செலவில்லை. உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு, உள்ள சிறு உற்பத்தியாளர் நீங்கள் என்றால், ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது என்று 2006ம் வருடச் சட்டமே இருக்கிறது. அதைத் தன்மையாக எடுத்துச் சொல்லுங்கள். நல்ல பார்ட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோபி, ஊறுகாய்: வேறு பொருள் விற்பவர்களோடு சேர்ந்து செய்யலாமா அண்ணா?

தாராளமாகச் செய்யுங்க அம்மணி. என் பார்சலில் உங்கள் சின்னப் பாக்கெட், உங்கள் பார்சலில் என் சீட்டு. ஆனால் சேர்ந்து செய்கிறவர் சரக்கை உங்கள் வீட்டில் இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான். உங்கள் பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கட்டும், அது இல்லாமல் நான்கூட வாங்க மாட்டேன்.

நாமக்கல்: ஒருவர் பொய்யாக மோசமான கருத்து எழுதிவிட்டார். சண்டை போடலாமா?

பொய்தான் என்று ஆர்டர் நம்பரை வைத்துச் சரிபார்த்தீர்களா? அதை முதலில் செய்யுங்கள். 2020ம் வருட மின்வணிக விதிப்படி புகார் வந்து சேர்ந்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் அன்றைக்கே இரண்டு வரி எழுதிவிட்டு, போன் போட்டுப் பேசிவிடுவேன்.

பவானி, ஜமக்காளம்: எங்கள் வீட்டிலேயே தறி இருக்கிறது. போனில் பேசக் கூச்சமாக இருக்கிறது அண்ணா, எழுதியே வாடிக்கையாளரைச் சேர்க்க முடியுமா?

முடியும் கண்ணு. முகம் காட்ட வேண்டாம், பேசவும் வேண்டாம். அப்பா தறியில் உட்கார்ந்து நெய்கிறதை, நாடா ஓடுகிற சத்தத்தோடு அரை நிமிடம் எடுத்து, யாருக்காக நெய்கிறாரோ அவருக்கே அனுப்பு: 'உங்களது இன்றைக்கு பாதி முடிந்தது.' முடிந்ததும் மடிப்பதற்கு முன்னால் விரித்து ஒரு போட்டோ. அவ்வளவுதான். அந்த ஆள் அதைப் பத்துப் பேருக்குக் காட்டாமல் இருக்க மாட்டார். அப்புறம் உன் நம்பரை எனக்கு அனுப்பி வை, எங்கள் வீட்டுக்குத் தை நோம்பிக்கு ஆறடியில் சிவப்புக்கோடு போட்டது ஒன்று வேண்டும்.