கையில் ஜெபமாலை, காலில் ஷூ: வாசகர் கேள்விகள்

நடந்துகொண்டே ஜெபிப்பது பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எனக்கு 52 வயது, சர்க்கரை இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறார் டாக்டர். ஜெபமாலைக்கும் விடியற்காலை அந்த நேரம்தான் கிடைக்கிறது. நடந்துகொண்டே சொன்னால் பலன் குறையுமா? எவ்வளவு வேகம் நடக்க வேண்டும்?
– வாசகி, எலத்தகிரி

பதில்: குறையாது அம்மா. ஜெபமாலையை முழந்தாளில் நின்றுதான் சொல்ல வேண்டும் என்று திருச்சபையில் சட்டம் கிடையாது. எம்மாவு என்ற ஊருக்குப் போன சீடர்களிடம் ஆண்டவர் மறைநூலை விளக்கியதும் வழிநடையில்தான் (லூக்கா 24). அது ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பாதை.

வேகத்துக்கு வாட்ச் வேண்டாம், மந்திரமே அளந்து சொல்லிவிடும். மருத்துவர்கள் கேட்கும் மிதமான நடை என்பது பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம். 'அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே' என்பது ஒரே மூச்சில் வந்தால் நடை சரி. நடுவில் மூச்சு வெட்டினால் குறையுங்கள். மாதா பாட்டு ஒன்றை இழுத்துப் பாடவே முடிகிறது என்றால், நீங்கள் உலாவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஜெபமாலையின் அமைப்பே நடைக்குத் தோதானது. விசுவாச அறிக்கை, பரலோக மந்திரம், முதல் மூன்று அருள் நிறை மந்திரங்கள் வரை மெதுவாக நடந்தால் உடம்பு சூடாகிவிடும். பிறகு ஐந்து பத்து மணிகளும் ஒரே சீரான வேகத்தில். அவசரப்படாமல் சொன்னால் ஒரு மந்திரத்துக்குக் கால் நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 100 அடி என்ற கணக்கில் ஒரு பத்து மணிக்கு, முன்னும் பின்னும் வரும் மந்திரங்களையும் சேர்த்து, முந்நூறு அடிக்குக் குறையாது. கிருபை தயாபத்து ஜெபமும் மாதா பிரார்த்தனையும் வரும்போது நடையைத் தளர்த்துங்கள். திடீரென்று நின்றால் சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். எல்லாம் சேர்ந்து டாக்டர் சொன்ன அரை மணி நேரம் வந்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. கால் வேகமெடுக்க வாயும் வேகமெடுத்து, 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்பதற்குப் பிறகு பாதி வார்த்தைகள் விழுங்கப்பட்டுவிடும். துணைக்கு ஒருவர் இருந்தால் முதல் பாதியை ஒருவரும் மறுபாதியை மற்றவரும் சொல்லுங்கள், இருவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். தனியாக என்றால் வாய்க்குள் முணுமுணுத்தால் போதும்.

53 மணி மாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் கை வீசாது, தோள் இறுகும், மாலையும் சிக்கும். பத்து குமிழ் உள்ள ஜெபமாலை மோதிரம் வசதி. நடக்கும்போது விரல் லேசாக உப்பும் என்பதால் கொஞ்சம் தளர்வாக வாங்குங்கள். அதுவும் இல்லாவிட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் கணக்குப் போடுவது போல, கட்டைவிரலால் விரல் கோடுகளைத் தொட்டு எண்ணலாம்.

சர்க்கரை இருப்பதால் கால்தான் முக்கியம். ரப்பர் செருப்போடு வேண்டாம். பாதத்தில் மரமரப்பு இருந்தால் எம்.சி.ஆர் செருப்போ (சர்க்கரை உள்ளவர்களுக்கான மெத்தென்ற செருப்பு), விரல் நெருக்காத ஷூவோ போடுங்கள். வீடு திரும்பியதும் விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கல் குத்தியது வலியால் தெரியவராது, கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: நாங்கள் லுத்தரன் சபை. நடக்கும்போது ஜெபம் நாலு வார்த்தையோடு நின்று, மனசு வீட்டுக் கடனுக்குப் போய்விடுகிறது. மூச்சோடு சேர்த்து ஜெபிக்கச் சொல்கிறார்கள். அது வேறு மதத்துப் பயிற்சி ஆகாதா ஐயா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஆகாது தம்பி. சின்ன ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது கீழைத் திருச்சபைகளில் பல நூற்றாண்டுப் பழக்கம். வார்த்தையும் வேதத்தில் உள்ளதுதான். எரிகோவுக்கு அருகே வழியோரம் உட்கார்ந்திருந்த குருடன் கூப்பிட்டது லூக்கா 18:38இல் இருக்கிறது. 'இயேசுவே, தாவீதின் குமாரனே' என்று மூச்சை உள்ளே இழுக்கும்போது நாலு அடி. 'எனக்கு இரங்கும்' என்று வெளியே விடும்போது நாலு அடி. மேடேறினால் தானாக மூன்றாகும், ஆகட்டும். ஜெபத்துக்காக மூச்சை அடக்கவோ வலிந்து இழுக்கவோ கூடாது. அப்படிச் செய்வதால்தான் சிலருக்குத் தலை சுற்றி, உதடு மரமரக்கிறது. மூச்சு முன்னே போகட்டும், வார்த்தை அதன் பின்னே வரட்டும்.

நீளமாக வேண்டுமென்றால் 120 முதல் 134 வரை உள்ள பதினைந்து ஆரோகண சங்கீதங்கள் இருக்கின்றன. எருசலேமுக்கு ஏறிப் போன யாத்திரிகர்கள் பாடியவை என்று சொல்லப்படுகிறவை. 121ஆம் சங்கீதத்தில் எட்டே வசனம். நாளுக்கு ஒரு வசனம் வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புங்கள். போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே நடந்தால் கழுத்துக்கும் கேடு, சாக்கடை மூடியும் கண்ணில் படாது.

கடன் நினைப்பு வந்தால் விரட்டாதீர்கள். அதையே விண்ணப்பமாக்கிவிட்டு அடுத்த மின்கம்பத்தில் பழைய வசனத்துக்குத் திரும்புங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு என்று கடக்கும் இடங்களுக்காக ஜெபிப்பதும் நல்லதுதான். ஆனால் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கையை நீட்டிச் சத்தமாக ஜெபிப்பது வேண்டாம். வீதிச் சந்திகளில் மனுஷர் காண ஜெபிப்பதைப் பற்றி மத்தேயு 6:5இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: முழங்கால் வலி. முழந்தாளிடவும் முடியவில்லை, நடக்கவும் பயம்.
– வாசகி, பென்னாகரம்

பதில்: சமதளத்தில் சின்ன அடியாக, பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். முட்டிக்குப் பாரம் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம், அதனால் குன்றுக் கோவில் படிகளை இப்போதைக்குத் தவிருங்கள். சிலுவைப்பாதையில் பதினான்கு தலத்திலும் மண்டியிட வேண்டிய கட்டாயம் இல்லை, நின்று தலை வணங்கினால் போதும்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முட்டியோடு முதுகும் கழுத்தும் விறைத்துப்போகிறதா? பற்களில் பழுப்புக் கறை இருக்கிறதா? லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள போர் தண்ணீரைப் பல வருடம் குடித்தால் அது எலும்பில் படிந்துவிடும். இதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுகிறார்கள். டாக்டரிடம் புளோரோசிஸ் பற்றிக் கேளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

கேள்வி: தவக்காலத்தில் காலை உணவை விட்டுவிட்டு ஜெப நடை போகலாமா? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகர், அரூர்

பதில்: இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்தால் வேண்டாம். தனி மெட்பார்மின் என்றால் ஆபத்து குறைவு, ஆனாலும் டாக்டரைக் கேட்டுவிட்டே செய்யுங்கள். வெறும் வயிற்றில் நடக்கும்போது சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரும். நடையின் வியர்வை என்றோ, பக்தி உருக்கம் என்றோ நினைத்து ஏமாந்துவிடுவதுதான் வழக்கம். உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

கத்தோலிக்கர் என்றால், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாய நோன்பு நாட்கள், அதுவும் 18 முதல் 59 வயது வரை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. சாப்பாட்டுக்குப் பதில் டீயையோ டி.வி.யையோ விடுங்கள். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஜெபித்தபடி நடந்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் மட்டுப்படும்.

கேள்வி: ஹைவே ஓரம் வீடு. காலை ஐந்து மணிக்கு நடக்கலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஹைவேயில் வேண்டாம். பள்ளி மைதானமோ ஊர்த் தெருவோ பாருங்கள். சாலைதான் வழி என்றால் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கம், வெளிர் நிறச் சட்டையில், விடிந்த பிறகு. ஏரிக்கரை என்றால் டார்ச் அவசியம், புல்லில் பாம்பு கிடக்கும். ஆராதனைப் பாட்டு கேட்பதானால் ஒரு காதில் மட்டும் இயர்போன். நெஞ்சு இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் ஜெபத்தை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று நடக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து 108க்குப் போன் செய்யுங்கள்.