ரிவால்வர் குண்டு வார்க்க அலுமினிய மோல்டு போதுமா, இரும்பு மோல்டுதான் வாங்க வேண்டுமா?

புதிதாக .357 மேக்னம் ரிவால்வர் வாங்கியிருக்கிறேன், குண்டுகளை நானே வார்க்கலாம் என்றிருக்கிறேன், அலுமினிய மோல்டு என்றாலே எல்லோரும் விளையாட்டுச் சாமான் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ‘எல்லோரும்’ யாரென்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நீங்களும் என்னைப் போல டெக்சாஸ் பக்கம்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சொந்த உபயோகத்துக்கு வார்க்க இங்கே மத்திய அரசின் லைசென்ஸ் எதுவும் தேவையில்லை, செய்து விற்றால்தான் வேண்டும். இந்தியாவிலிருந்து கேட்கிறீர்கள் என்றால் இதை இங்கேயே மூடிவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அப்புறம் என்னைக் கைகாட்டக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அலுமினியமா இரும்பா என்பதெல்லாம் பிறகு. உங்கள் சிலிண்டர் வாயை, அதாவது தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையில் ஒவ்வொரு துளையின் முன்வாயை, அளந்துவிட்டீர்களா? குண்டு சிலிண்டரின் முன்வாய் வழியாகத்தான் பேரலுக்குள் (துப்பாக்கிக் குழலுக்குள்) போகிறது. வாயைவிடக் குண்டு மெலிந்திருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்து, பேரல் சுவரில் அப்பிவிடும். வாயே பேரலைவிடக் குறுகியிருந்தாலும் இதே கதைதான், எவ்வளவு பருமனான குண்டை வைத்தாலும் வாய் அதைச் சுருக்கித்தான் வெளியே விடும். .38, .357 பேரல்கள் வழக்கமாக .357 அங்குலம், அதற்கு வார்க்கும் குண்டு .358. ஆனால் ‘வழக்கமாக’ என்பதை நம்பி மோல்டு வாங்கக் கூடாது. .45 கோல்ட் என்ற ரகத் துப்பாக்கியைப் பாருங்கள். பழைய பேரல்கள் .454, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவை .452 பக்கம். பெயர் ஒன்று, அளவு வேறு.

எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு ஒரு பெரியவர் வருவார். பித்தளையில் நான்கு குழி மோல்டு (ஒரே தடவையில் நான்கு குண்டு வரும்), விலை என் மோல்டைப் போலப் பல மடங்கு. என் இரண்டு குழி அலுமினிய மோல்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், “அது பிள்ளைகளுக்கு” என்று சிரிப்பார். ஒரு நாள் அவருடைய பேரலுக்குள் பிரஷ் விட்டு இழுத்தபோது வெள்ளி ஜிகினா மாதிரி ஈயச் சீவல் சீவலாக வந்தது. வெடிமருந்தைக் குறை சொன்னார், குண்டில் தடவும் கிரீஸைக் குறை சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் குண்டில் ஒன்றை வாங்கி மைக்ரோமீட்டரில் வைத்தேன்: .357. அதையே சிலிண்டர் வாயில் போட்டால் கை படாமலே மறுபக்கம் நழுவி விழுந்தது. மனிதர் பழைய கூரைத் தகட்டு ஈயத்தை, ஏறக்குறைய சுத்தக் காரீயத்தை, அப்படியே உருக்கி ஊற்றியிருக்கிறார். சுத்தக் காரீயம் ஆறும்போது அதிகம் சுருங்கும். ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த அச்செழுத்து ஈயத்தை அதே மோல்டில் ஊற்றினால் குண்டு கொஞ்சம் பருத்து, எடை குறைந்து வரும். கலந்து ஊற்றினார், சீவல் நின்றது. எனக்கு ஒரு நன்றி கூட வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இரும்பு மோல்டுக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், என்னிடமும் ஒன்று இருக்கிறது. சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், அடிபட்டாலும் தாங்கும். ஆனால் எண்ணெய் போடாமல் வைத்தால் துருப்பிடிக்கும், போட்ட எண்ணெயைத் துடைத்தெடுக்காவிட்டால் குண்டில் சுருக்கம் விழும், கைப்பிடியும் பெரும்பாலும் தனிக் காசு. அலுமினியம் சட்டென்று சூடேறும், துருப்பிடிக்காது, லீ கம்பெனியின் இரண்டு குழி மோல்டு கைப்பிடியோடே வருகிறது. இழப்பு என்னவென்றால் அது மென்மையான உலோகம். மிச்ச ஈயத்தை வெட்டும் மேல் தகட்டை ஓங்கித் தட்டினாலோ, இரண்டு பாதியையும் கோணலாக மூடினாலோ சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆறு குழியை ஆசைப்பட்டு முதலிலேயே வாங்காதீர்கள். அத்தனை பெரிய மோல்டைச் சரியான சூட்டில் வைத்திருப்பதற்குள் புதியவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். குண்டில் சுருக்கம் விழுந்து வந்தால் மோல்டு இன்னும் போதுமான அளவு சூடேறவில்லை, பனி படிந்த மாதிரி மங்கலாக வந்தால் சூடு அதிகம். இரண்டையும் திரும்பப் பானையில் போட்டுக்கொள்ளலாம்.

லீ மோல்டுப் பெட்டியில் 358-158-RF என்று இருந்தால் .358 அங்குலம், 158 கிரெய்ன் (பத்து கிராமுக்குச் சற்று மேல்), தட்டை மூக்கு என்று அர்த்தம். லைமன் கம்பெனி மோல்டில் 358429 என்று இருந்தால் முதல் மூன்று இலக்கம்தான் அளவு, மீதி வடிவத்தின் எண். துப்பாக்கிகளைப் பற்றி எழுதிய எல்மர் கீத் வடிவமைத்தது அது. அழகான குண்டு, ஆனால் மூக்கு நீளம். சில .357 சிலிண்டர்களுக்குள் அடங்காமல் முன்னால் நீட்டிக்கொள்ளும்.

இதற்கு நடுவில் ஒன்று. நம்மவர் வீட்டு விருந்துகளில் இந்தப் பொழுதுபோக்கைச் சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள். “கோல்ஃப் ஆடலாமே?” என்பார்கள். மெம்பர்ஷிப்புக்கு அவர்கள் கட்டும் பணத்தில் நான் ஒரு கராஜையே மோல்டுகளால் நிரப்பிவிடுவேன். ஊரே தண்ணீரில்லாமல் காயும் ஆகஸ்டில் அந்தப் புல்லுக்கு மட்டும் குழாய் ஓடுகிறது, அதை ஒருவரும் கேட்பதில்லை. போகட்டும்.

ஈயத்துக்கு டயர் கடைக்குப் போனால் சக்கரத்தைச் சமன்படுத்தப் பொருத்தும் சின்ன எடைகளைப் பொறுக்கிப் பாருங்கள். Zn முத்திரை இருந்தால் துத்தநாகம், பானைக்குள் விடாதீர்கள், மொத்த உருக்கும் கெட்டுவிடும். கதவைத் திறந்து வையுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீரும் பானை அருகில் வேண்டாம், உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை கட்டாயம். கை கழுவாமல் காபிக் கோப்பையைத் தொடாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த உடையோடு தூக்கவே தூக்காதீர்கள்.

முதலில் துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சிலிண்டரைக் கழற்றி, எண்ணெய் தடவிய மென்மையான ஈயத் துண்டை மரக்குச்சியால் ஒவ்வொரு வாய் வழியாகவும் தள்ளி மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். வெர்னியர் போதாது. எல்லா வாயும் .358 என்று வந்தால் மேலே சொன்ன அந்த 158 கிரெய்ன் தட்டை மூக்கு, இரண்டு குழி, அலுமினியத்தை யோசிக்காமல் வாங்குங்கள். வேறு மாதிரி வந்தால் அளவுகளைக் கீழே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.