வரைந்த பூ ஏன் கசிகிறது, ஏன் உரிகிறது?

கேள்வி: புது காட்டன் புடவையின் முந்தானையில் ஃபேப்ரிக் பெயின்டால் பூ வரைந்தேன். ஓரமெல்லாம் நிறம் கசிந்துவிட்டது. முதல் துவைப்பிலேயே இதழ்கள் திட்டுத்திட்டாக உரிந்தும் வந்துவிட்டன. பெயின்ட்தான் மட்டமா?

பதில்: பெரும்பாலும் பெயின்ட் காரணமாக இருக்காது. கசிவது ஒரு கோளாறு, உரிவது வேறு கோளாறு.

முதலில் உரிவது. கடையிலிருந்து வரும் காட்டனில் கஞ்சி இருக்கும். அந்த மொடமொடப்பு அதனால்தான். பெயின்ட் நூலைப் பிடிக்காமல் கஞ்சியின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. துவைக்கும்போது கஞ்சி கரைய, பெயின்டும் கூடவே போகிறது. அதனால் வரையும் முன் வெதுவெதுப்பான நீரில் சோப்புத்தூள் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டாம், அதுவும் ஒரு படலம்தான். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் துணி தயார். முத்தாக நின்றால் இன்னொரு முறை துவைக்க வேண்டும்.

கசிவுக்குக் காரணம் தண்ணீர். பிரஷைக் கழுவிய ஈரத்தோடு பெயின்டில் தோய்த்தால், அந்த ஈரம் நிறத்தை நூல் வழியே இழுத்துக்கொண்டு ஓடும். கழுவிய பிரஷைப் பழந்துணியில் ஒற்றி, ஈரம் தெரியாத அளவுக்கு உலர்த்திய பிறகே தோயுங்கள். நிறத்தை இளக்கத் தண்ணீருக்குப் பதில் ஃபேப்ரிக் மீடியம் (ஃபேப்ரிக் பெயின்டில் கலக்கவென்றே விற்கும் திரவம்) கலக்கலாம். கெட்டியாகப் பூசினால் கசியாது என்று அப்பிவிடாதீர்கள். காய்ந்ததும் மடிப்பில் வெடிக்கும். இதழின் ஓரத்தில் கொஞ்சம் பெயின்ட் வைத்து, 4ஆம் எண் பிரஷால் நடுவை நோக்கி இழுத்தால் ஓரம் அடர்த்தியாகவும் உள்ளே இளசாகவும் நிற்கும். இரண்டு நிறம் கலக்க வேண்டுமென்றால் முதல் நிறம் ஈரமாக இருக்கும்போதே கலக்க வேண்டும். அது சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

அடியில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அச்சு மை வெள்ளைத் துணியில் ஏறிவிடும். பிளாஸ்டிக் தாள் சுற்றிய அட்டை போதும். எம்பிராய்டரி வளையத்தில் இழுத்து மாட்டினால் இன்னும் நல்லது.

வரைந்ததை நிழலில் 24 மணி நேரம் காயவிடுங்கள். பிறகு பின்பக்கமாக, நீராவி இல்லாமல், காட்டன் சூட்டில் பெட்டியை நகர்த்திக்கொண்டே ஒவ்வொரு பகுதிக்கும் 3 முதல் 5 நிமிடம் இஸ்திரி போடுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. நிறம் துணியில் உறுதியாகப் பிடிக்க இந்தச் சூடு வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி என்றால் சூட்டைக் குறைத்து, ஓரத்துத் துண்டில் சோதித்துக்கொள்ளுங்கள். முதல் துவைப்பு 3 நாள் கழித்துத்தான்: வரைந்த பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, குளிர்ந்த நீரில், ஊறவைக்காமல், முறுக்காமல்.

இப்போதுள்ள புடவையில் காய்ந்துபோன கசிவை எடுக்க முடியாது. கசிந்த இடத்தை மறைக்கும்படி இதழைப் பெரிதாக்குங்கள், அல்லது ஓர் இலையைச் சேருங்கள். உரிந்த இடங்களில் தளர்ந்திருப்பதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே சொன்ன சொட்டுச் சோதனையும் செய்துவிட்டு மறுபடி வரையலாம்.