உறக்கக் கருவி தரும் தாடை வலி: பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 52. லாரி ஓட்டுகிறேன். உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 18 முறை மூச்சு தடைபடுவதாகத் தெரியவந்தது. மூச்சுப் பாதைக்குள் காற்றைச் செலுத்தும் கருவியின் மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டு என்னால் உறங்க முடியாததால், கீழ்த்தாடையை முன்னே நகர்த்திப் பிடிக்கும் வாய்க்கருவியைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து கொடுத்தார். 5 வாரங்களாக அணிகிறேன். பகலில் கண் சொருகுவது நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் காலையில் எழும்போது இரு காதுகளுக்கும் முன்னால் வலிக்கிறது. கீழ்வரிசை முன்பற்கள் நோகின்றன. கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இட்லியைக்கூடச் சரியாக மெல்ல முடிவதில்லை. சீக்கிரம் குணமாகட்டும் என்று கருவியின் திருகை நானே மூன்று நான்கு முறை கூடுதலாகத் திருப்பிவிட்டேன். கருவியை நிறுத்திவிடலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் வலியைப் பெரும்பாலும் குறைத்துவிட முடியும். ஆனால் மூச்சுத்தடையைச் சிகிச்சையின்றி விட்டுவிட்டு இரவில் லாரி ஓட்டுவது உங்கள் உயிருக்கும் சாலையில் எதிரே வருபவர்களின் உயிருக்கும் ஆபத்து. பகல் தூக்கம் குறைந்திருக்கிறது என்பதே கருவி தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

வலி ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அச்சம் போய்விடும். உறக்கத்தில் தசைகள் தளரும்போது நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையின் மூச்சுப் பாதையை அடைக்கிறது. கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்தால் அதோடு சேர்ந்து நாக்கும் முன்னே வருவதால் பாதை திறக்கிறது. ஆனால் தாடையை அதன் இயல்பான இடத்துக்குத் திருப்பி இழுக்கக் கன்னத்துத் தசைகளும் நெற்றிப்பொட்டுத் தசைகளும் இரவு முழுவதும் முயன்றுகொண்டே இருக்கின்றன. அந்த இழுவிசை கருவியின் வழியாகப் பற்களின் மீது இறங்கி, கீழ் முன்பற்களை வெளிப்புறமாகவும் மேல் முன்பற்களை உட்புறமாகவும் தள்ளுகிறது. பல் வரிசையைச் சீர்செய்யக் கிளிப் போட்டவர்களுக்கு முதல் சில நாட்களில் ஏற்படும் நோவும் உங்கள் முன்பற்களின் நோவும் ஒரே வகையைச் சேர்ந்தவை. காதுக்கு முன்னால் உள்ள வலி தாடை மூட்டிலிருந்தோ அதைச் சுற்றியுள்ள தசையிலிருந்தோ வருகிறது.

உங்கள் விஷயத்தில் வலியை வளர்த்தது திருகுதான் என்று நினைக்கிறேன். தாடையை எவ்வளவு தூரம் முன்னே நீட்ட முடியுமோ, அதில் ஏறத்தாழ பாதி அளவில் தொடங்கி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு சிறு அடிகளாக, நாட்கணக்கில் இடைவெளி விட்டு நகர்த்துவதே வழக்கம். நீங்கள் அந்த இடைவெளியைத் தரவில்லை. எந்த நிலையில் கடைசியாக வலியின்றி உறங்கினீர்களோ அந்த நிலைக்குத் திருகைத் திருப்பிவிடுங்கள். எத்தனை திருப்பு என்பது நினைவில்லை என்றால் ஊகித்துத் திருப்பாமல் கருவியைச் செய்துகொடுத்த மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நோவு அடங்கிய பிறகு அவர் சொல்லும் வேகத்தில் மட்டும் முன்னேறுங்கள். குறிப்பிட்ட ஒரே ஒரு பல் மட்டும் நோகிறது என்றால் அந்த இடத்தில் கருவி அழுத்துகிறது என்று பொருள். அதைச் சில நிமிடங்களில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம்.

காலையில் கருவியைக் கழற்றியதும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரு கன்னங்களிலும் 10 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். பிறகு நுனிநாக்கை மேலண்ணத்தில் வைத்தபடி வாயை மெதுவாக 10 முறை திறந்து மூடுங்கள். கடைவாய்ப் பற்கள் பொருந்தாதது, இரவெல்லாம் முன்னே நின்ற தாடை தன் இடத்துக்கு இன்னும் திரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது. பலருக்கும் இது அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். இதற்கென்றே, காலையில் சில நிமிடங்கள் கடித்துப் பிடித்துப் பழைய கடிப்பை மீட்க உதவும் சிறிய அச்சுத் துண்டு ஒன்றை மருத்துவர்கள் செய்து தருவதுண்டு. உங்களுக்கு அது தரப்படவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கடிப்பு திரும்பும்வரை முறுக்கு, பட்டாணி போன்றவற்றைத் தொடாதீர்கள். நண்பகல் ஆகியும் பற்கள் பொருந்தாத நிலை நாள்தோறும் தொடர்ந்தாலோ, வாயைத் திறக்க முடியாமல் தாடை பிடித்துக்கொண்டாலோ, ஒரு பல் ஆடினாலோ உடனே சென்று காட்டுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இக்கருவியை ஆண்டுக்கணக்கில் அணிபவர்களில் பலருக்குப் பற்களின் நிலையில் சிறு மாற்றம் ஏற்பட்டு, கடிப்பு நிரந்தரமாகவே மாறக்கூடும். அதனால்தான் தொடக்கத்திலேயே பற்களின் அச்சை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பின்னர் ஆண்டுக்கொரு முறையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஓட்டுநராகிய உங்களுக்கு விழிப்போடு இருப்பதே முதன்மை என்பது என் எண்ணம். ஆனாலும் இந்த மாற்றத்தை அறிந்து ஏற்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

வலி தாங்காமல் ஓர் இரவு கழற்றியே ஆக வேண்டுமென்றால், தலைப்பக்கத்தை உயர்த்தி ஒருக்களித்துப் படுங்கள், மது வேண்டாம், மறுநாள் நெடுந்தூர ஓட்டத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். பகலில் லாரியில் படுத்து உறங்கும்போதும் கருவி வாயில் இருக்க வேண்டும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருந்துக் கடையில் வலிமாத்திரையைத் தாமாகக் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. திருகின் நிலை உறுதியான பிறகு, கருவியை அணிந்தபடியே உறக்கப் பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ளுங்கள். தூக்கம் தெளிந்ததுபோல் தோன்றினாலும், மூச்சுத்தடை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பரிசோதனைதான் காட்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. உறக்க மூச்சுத்தடைக்காக, மூச்சுப் பாதை அடைபடாதபடி அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் (CPAP) கருவியை ஓராண்டாக மூக்கு மாஸ்க்குடன் பயன்படுத்துகிறார். காற்று கசிவதால் பட்டையை இறுக்கிக்கொண்டே வந்தோம். இப்போது மேல் முன்பற்களும் ஈறும் வலிக்கின்றன. காலையில் வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பற்களை வலிக்கச் செய்வது காற்றாக இருக்காது; பட்டையாகத்தான் இருக்கும். மூக்கு மாஸ்க்கின் கீழ் விளிம்பு மேலுதட்டின் மீது அமர்கிறது. அதற்கு நேர் பின்னால் ஈறும் பற்களின் வேர்களும் இருப்பதால், இறுக்கிய பட்டை இரவில் பல மணி நேரம் அவற்றை அழுத்துகிறது. மூக்கு மாஸ்க்கை ஆண்டுக்கணக்கில் அணிந்தவர்களிடம் மேல் முன்பற்கள் சற்று உள்நோக்கி நகர்ந்திருப்பதை ஜப்பானில் நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் பதிவு செய்திருக்கிறது. ஆகவே அம்மாவின் வலியை வயதின் மீது பழிபோட்டு விட்டுவிடாதீர்கள்.

அம்மாவைப் படுக்கவைத்து, கருவியை ஓடவிட்டு, பட்டையைத் தளர்த்தி முதலிலிருந்து பொருத்துங்கள். உட்கார்ந்த நிலையில் பொருந்தும் மாஸ்க் படுத்ததும் இடம் மாறிவிடும். பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையே விரல் எளிதாக நுழைய வேண்டும். அப்போதும் கசிந்தால், மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கால் வழுக்குகிறதா, நைந்துவிட்டதா என்று பாருங்கள். மென்மையான சோப்பால் நாள்தோறும் கழுவுவதும், நைந்ததை மாற்றுவதும் இறுக்குவதைவிட நல்ல பலன் தரும். இரவில் பல் செட்டைக் கழற்றி வைக்கும் வழக்கம் இருந்தால் உதடு உள்வாங்கி மாஸ்க் பொருந்தாமல் போகும் என்பதால், அதையும் மாஸ்க் பொருத்துபவரிடம் சொல்லுங்கள். நாசித் துளைகளில் மட்டும் அமரும் சிறிய வகை மாஸ்க்குக்கு மாறினால் மேலுதட்டின் மீதான பாரமே இல்லாமல் போகலாம். வாய் திறக்கிறது என்று தாடையைக் கட்டும் நாடாவை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அது தாடையைப் பின்னுக்கு இழுத்துக் காதோர வலியைக் கொண்டுவரக்கூடும்.

வாய் உலர்வதை நான் வலியைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். உமிழ்நீர் குறைந்த வாயில், அதிலும் சர்க்கரை உள்ளவருக்கு, பல் சொத்தையும் ஈறு நோயும் வேகமாக வரும். கருவியின் ஈரப்பதத் தொட்டியில் நாள்தோறும் புதிய வாலை வடிநீரை (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றிப் பயன்படுத்துங்கள். மூக்கடைப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசையால் படுக்கும் முன் பல் துலக்கச் சொல்லுங்கள். நடுவில் விழித்தால் வெறும் தண்ணீர் போதும். சளி பிடித்திருக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் வலித்து, குனிந்தால் அந்த வலி கூடினால் அது சைனஸ் வலியாக இருக்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை: நடக்கும்போதோ படியேறும்போதோ தாடை வலித்தாலும், வியர்வை, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு வலி வந்தாலும் பல் மருத்துவரிடம் வராதீர்கள், நேராக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது இதயத்தின் வலியாக இருக்கக்கூடும்.

கேள்வி: குறட்டைக்காக, வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் வாய்க்கருவியை இணையத்தில் வாங்கினேன். நான்கே நாளில் எல்லாப் பற்களும் வலிக்கின்றன. பழகிவிடுமா?
- வாசகர், மதுரை

பதில்: பழக முயல வேண்டாம், கழற்றி வையுங்கள். அளவெடுக்காத கருவி சில பற்களின் மீது மட்டும் பாரத்தை ஏற்றும். ஈறு பலவீனமாக இருந்தால் பல் ஆடத் தொடங்கிவிடும். அதைவிட முக்கியமாக, உங்களுக்கு இருப்பது வெறும் குறட்டையா மூச்சுத்தடையா என்பது இன்னும் தெரியவில்லை. முதலில் உறக்கப் பரிசோதனை, அதன்பின் பல்லையும் ஈறையும் தாடை மூட்டையும் சோதித்தல், அவற்றுக்குப் பிறகே கருவி.