கணினி கேள்வி – பதில்: ஒரே கிளிப்போர்டு போதவில்லையா?

கேள்வி: மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகிறேன். மூலத்திலிருந்து ஒரு பத்தி, கலைச்சொல் பட்டியலிலிருந்து இரண்டு மூன்று சொற்கள், பழைய மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு வாக்கியம் என்று மாறி மாறி எடுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது. புதிதாக ஒன்றை நகலெடுத்தவுடன் முந்தையது போய்விடுவதால், சாளரங்களுக்கு இடையே அலைவதிலேயே பாதி நேரம் கழிகிறது. ஒரே சமயத்தில் பலவற்றைக் கிளிப்போர்டில் வைத்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. தங்கள் கணினியிலேயே அது இருக்கவும் கூடும். இயக்கி வைக்காததால் கண்ணில் படாமல் இருந்திருக்கும். வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் ஆகியவை இன்றைய வடிவத்தைப் பெற்றது 1970-களின் நடுப்பகுதியில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கிய ஜிப்ஸி என்னும் உரைத்தொகுப்பு மென்பொருளில். 1983-இல் வந்த ஆப்பிள் லிசாவும் 1984-இல் வந்த மேகின்டோஷும் அந்த முறையைப் பரப்பியபோது, எடுத்ததை வைக்க ஒரே ஓர் இடம் என்ற ஏற்பாடும் கூடவே பரவிவிட்டது. அந்த ஓர் இடம் போதாது என்பது அப்போதே உணரப்பட்டிருந்தது. முதல் மேகின்டோஷிலேயே, பலவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வதற்கென்று ஸ்கிராப்புக் என்ற தனிக்கருவி தரப்பட்டிருந்தது.

விண்டோஸில் இந்தக் குறை 2018-இல்தான் நீங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த புதுப்பிப்பிலிருந்து, கிளிப்போர்டு வரலாறு என்னும் வசதி இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. விண்டோஸ் விசையை அழுத்தியபடி வி எழுத்தை அழுத்துங்கள். முதல் முறை, இந்த வசதியை இயக்கட்டுமா என்று கேட்கும் சிறு பெட்டி தோன்றும்; இயக்கிவிட்டால், அதன் பிறகு நகலெடுப்பவை எல்லாம், புதியது மேலேயும் பழையது கீழேயுமாக, அந்தப் பெட்டியில் அடுக்கப்படும். இயக்குவதற்கு முன் நகலெடுத்தவை அதில் இருக்கமாட்டா. 25 உருப்படிகள் வரை இதில் நிற்கும். அதற்கு மேல் போனால் மிகப் பழையது தானாகக் கழியும். உருப்படி ஒவ்வொன்றும் 4 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு எழுத்து வேலைக்குத் தடையாக இராது.

தங்கள் வேலைக்கு நான் பரிந்துரைப்பது, நகலெடுப்பதையும் ஒட்டுவதையும் இரண்டு தனிக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வதை. முதலில் மூலம், கலைச்சொல் பட்டியல், பழைய கோப்பு என்று ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தப் பத்திக்குத் தேவையானவற்றை எல்லாம் வரிசையாகக் கன்ட்ரோல்+சி செய்துவிடுங்கள். பிறகு மொழிபெயர்ப்புக் கோப்புக்கு வந்து, வேண்டிய இடத்தில் தட்டச்சுக் குறியை (கர்சர்) நிறுத்தி, விண்டோஸ்+வி அழுத்தி, அம்புக்குறி விசையால் உருப்படியைத் தேர்ந்து என்டர் கொடுங்கள். பார்வை அந்தக் கோப்பை விட்டு விலக வேண்டியதே இல்லை. இவ்வாறு தேர்ந்தெடுத்த உருப்படியே நடப்புக் கிளிப்போர்டாகவும் ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்: அடுத்து வழக்கம்போல் கன்ட்ரோல்+வி அழுத்தினால் ஒட்டப்படுவது, கடைசியாக நகலெடுத்தது அன்று, கடைசியாகத் தேர்ந்தெடுத்ததே.

இந்தப் பெட்டியின் பெரிய குறை, அதில் தேடும் வசதி இல்லாதது. நேற்றுக் காலை நகலெடுத்த ஒரு சொற்றொடர் இன்று வேண்டும் என்றால், கணினியை இடையில் அணைத்துப் போட்டிருந்தால் அது இருக்காது. அணைக்காமலிருந்தாலும் 25-க்குள் தங்கியிருக்க வேண்டும். அந்த அளவுக்குத் தேவை வளர்ந்த பிறகு டிட்டோ என்ற இலவச, திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். எண் 1-க்கு இடப்புறம், எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் விசையைக் கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் அதன் பட்டியல் திறக்கும். திறந்தவுடன் தட்டச்சு செய்யத் தொடங்கினால், தட்டிய எழுத்துகள் இடம்பெற்ற உருப்படிகள் மட்டும் எஞ்சி நிற்கும். பல உருப்படிகளை ஒருசேரத் தேர்ந்தெடுத்து என்டர் கொடுத்தால் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்படும். ஒரு நூலின் பல பக்கங்களிலிருந்து மேற்கோள்களைத் திரட்டுவோருக்கு இந்த ஒன்றுக்காகவே அதை நிறுவலாம். ஆனால், இயங்குதளத்தில் உள்ளதை ஒரு வாரமாவது பயன்படுத்திப் பார்க்காமல் புதிதாக ஒன்றை நிறுவ வேண்டாம் என்பதே என் கருத்து. பலருக்கு அந்த 25 போதும்.

கேள்வி: வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் அனுப்புவது என் வேலை. அடிக்கடி அனுப்பும் பத்துப் பன்னிரண்டு பதில்களைக் கிளிப்போர்டு வரலாற்றில் வைத்திருக்கிறேன். நண்பகலுக்குள் புதியவை வந்து குவிந்து அவை காணாமல் போய்விடுகின்றன. எண்ணிக்கையை உயர்த்த முடியுமா?

பதில்: விண்டோஸின் 25-ஐ உயர்த்த அமைப்புகளில் வழியில்லை, உயர்த்தினாலும் தங்கள் சிக்கல் தீராது. இப்போதுதான் எடுத்தது, இன்னும் சற்று நேரத்தில் தேவைப்படாமல் போவது என்ற வகைக்கு உரியது வரலாறு. நாள்தோறும் வேண்டியிருப்பது அங்கே இருக்கவே கூடாது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு வைத்தால், எண்ணிக்கை நூறானாலும் ஆயிரமானாலும் தேடிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

உடனடியாகச் செய்யக்கூடியது, விண்டோஸ்+வி பெட்டியில் அந்தந்தப் பதிலுக்கு அருகே உள்ள குண்டூசி அடையாளத்தைச் சொடுக்கிப் பொருத்தி வைப்பது. பொருத்தியவை புதியவற்றுக்கு இடம் விட்டு வெளியேறமாட்டா. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாலும் இருக்கும். எனினும் பன்னிரண்டைப் பொருத்தினால், நாளெல்லாம் புழங்குவதற்கு மிஞ்சுவது பதின்மூன்று இடங்கள் மட்டுமே. டிட்டோவில் இதற்கு இன்னும் நேர்த்தியான ஏற்பாடு உண்டு. பதில்களைக் குழுக்களாகப் பிரித்து வைக்கலாம். ஓர் உருப்படியின் பண்புகளைத் திறந்து, அதைத் தானாக நீக்கக் கூடாது என்று குறிக்கலாம், அதற்கென்று தனி விசைச் சேர்க்கையையும் தரலாம். இவை தவிர, வழக்கமான கிளிப்போர்டோடு கலவாத மூன்று தனிக் கிளிப்போர்டுகளும் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நகலெடுக்க ஒரு விசை, ஒட்ட ஒரு விசை என்று தாங்களே அமைத்துக்கொள்ளலாம். இணைப்பு முகவரி ஒன்று, புகார் எண் ஒன்று என்று ஒரே உரையாடலுக்குள் மாறி மாறித் தேவைப்படுபவற்றுக்கு அந்த மூன்றும் பொருத்தமானவை. காப்பிகியூ என்னும் மற்றொரு மென்பொருளில் இதே பிரிவினையைத் தாவல்களாகச் செய்யலாம். அதில் சேமித்த உரையை அங்கேயே திருத்தவும் முடியும்.

பன்னிரண்டு பதில்களும் மாறாத வாசகங்கள் என்றால், இன்னொன்றையும் பரிசீலியுங்கள். எஸ்பான்ஸோ, ஆட்டோஹாட்கீ போன்றவற்றில், சிறு குறியீடு ஒன்றைத் தட்டச்சு செய்தவுடன் முழுப் பத்தியும் அந்த இடத்தில் விரியுமாறு அமைக்கலாம். கிளிப்போர்டுப் பட்டியலைத் திறந்து பார்க்கும் வேலைகூட அப்போது மிச்சம். எந்த வழியைத் தேர்ந்தாலும், ஏற்கெனவே ஒருவருக்கு அனுப்பிய பதிலை அப்படியே எடுத்துச் சேமிக்காதீர்கள். அவருடைய பெயரோ ஆணை எண்ணோ உள்ளே ஒளிந்திருந்து அடுத்தவருக்குப் போய்ச் சேரும். மாற வேண்டிய இடங்களில் எல்லாம் “#பெயர்#”, “#எண்#” என்று கண்ணை உறுத்தும்படி எழுதிச் சேமித்தால், நிரப்ப மறந்தாலும் அனுப்புமுன் தெரிந்துவிடும்.

கேள்வி: என் கணினியை அலுவலகத்தில் வேறு ஒருவரும் பயன்படுத்துகிறார். கிளிப்போர்டு வரலாற்றைத் திறந்து பார்த்தபோது, நான் எப்போதோ நகலெடுத்த கடவுச்சொல் அப்படியே தெரிந்தது. இந்த மென்பொருள்களைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதா?

பதில்: நகலெடுத்ததை எல்லாம் நினைவில் வைப்பதுதான் இவற்றின் வேலை, நகலெடுத்தது கடவுச்சொல்லா கவிதையா என்பது அவற்றுக்குத் தெரியாது, யாராவது சொன்னால் ஒழிய. அப்படிச் சொல்லும் வழி ஒன்று உண்டு. இந்த உருப்படியை வரலாற்றில் சேர்க்க வேண்டாம் என்று, நகலெடுக்கும் மென்பொருளே கிளிப்போர்டில் ஒரு குறியைச் சேர்த்து வைக்கலாம். கடவுச்சொற்களைப் பூட்டிச் சேமிக்கும் மென்பொருள்களான கடவுச்சொல் காப்பகங்களால் இதைச் செய்ய இயலும். கீபாஸ் போன்றவை, நகலெடுத்த சில நொடிகளில் கிளிப்போர்டையும் காலி செய்துவிடுகின்றன. ஆகவே கடவுச்சொற்களைக் காப்பகத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்து அங்கிருந்து நகலெடுத்தால் இந்தக் காப்பு எதுவும் கிடைக்காது. தங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே பதிந்திருப்பதை உடனே நீக்குங்கள். விண்டோஸ் பெட்டியில் எல்லாவற்றையும் துடைக்கும் பொத்தான், பொருத்தி வைத்தவற்றை விட்டுவிடும் என்பதால், கடவுச்சொல் பொருத்தப்பட்டிருந்தால் அதைத் தனியே நீக்க வேண்டும். டிட்டோவில், எந்தெந்த மென்பொருள்களிலிருந்து நகலெடுப்பதைப் பதியக் கூடாது என்று பெயர் குறிப்பிட்டு விலக்கலாம். அது தன் உருப்படிகளை எல்லாம் தங்கள் பயனர் கோப்புறையில் ஒரு தரவுக் கோப்பாக வைக்கிறது. அதே பயனர் கணக்கில் நுழைபவர் எவரும் அதைத் திறந்து பார்க்க முடியும். எனவே, தங்களுக்கும் உடன் பணிபுரிபவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வேண்டும். கிளிப்போர்டு மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் செய்ய வேண்டியது அதுதான்.

இரண்டு இடங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். விண்டோஸில், நகலெடுத்தவற்றை அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள வேறு கணினிகளோடு பகிரும் வசதி தனியாக இருக்கிறது; தேவையில்லை என்றால் அது அணைந்திருக்கிறதா என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைவிலுள்ள கணினியோடு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இணைந்திருக்கும்போதும், பெரும்பாலும் இரு பக்கக் கிளிப்போர்டுகளும் இணைந்தே இருக்கும். இங்கே நகலெடுத்தது அங்கே உள்ள வரலாற்றிலும் போய் உட்காரும். மேலும், கிளிப்போர்டை எந்த மென்பொருளும் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம் என்பதைப் பயன்படுத்தி, கிரிப்டோ நாணய முகவரியை யாராவது நகலெடுத்தால் அதற்குப் பதிலாகத் தன் முகவரியை வைத்துவிடும் தீநிரல்களும் உண்டு. பணம் சம்பந்தப்பட்ட எந்த எண்ணையும் ஒட்டிய பிறகு, முதல் சில எழுத்துகளை மட்டும் பார்த்து நிறைவடையாமல், முழுவதும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

கேள்வி: வடிவமைப்பு இல்லாமல் வெற்று உரையாக ஒட்டினால் நல்லது என்று கேள்விப்பட்டு அப்படியே செய்கிறேன். சில பழைய தமிழ்க் கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டும்போது மட்டும் புரியாத ஆங்கில எழுத்துகள் வருகின்றனவே, ஏன்?

பதில்: வேர்டிலோ உலாவியிலோ ஒரு வாக்கியத்தை நகலெடுக்கும்போது, கிளிப்போர்டுக்குப் போவது ஒரே பிரதி அன்று. எழுத்துரு, நிறம், இணைப்பு ஆகியவற்றோடு கூடிய ஒரு பிரதியும், எழுத்துகள் மட்டும் உள்ள வெற்றுப் பிரதியும் சேர்ந்தே போகின்றன. ஒட்டப்படும் மென்பொருள் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்கிறது. டிட்டோவின் பட்டியலில் ஷிஃப்ட்+என்டர், உலாவிகளில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி ஆகியவை வெற்றுப் பிரதியைக் கேட்டு வாங்கும் வழிகள்.

தங்கள் பழைய கோப்புகள் பாமினி போன்ற, யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். அவற்றில் கணினி சேமித்திருப்பது தமிழ் எழுத்துகளே அல்ல. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. வடிவமைப்பை நீக்கும்போது எழுத்துருவும் நீங்கிவிடுவதால், போர்வை விலகி அந்த ஐந்து குறிகள் வெளிப்படுகின்றன. உரை சிதையவில்லை; கவலை வேண்டாம். எழுத்துரு மாற்றி ஒன்றில் அதை இட்டு, யூனிகோடாக மாற்றி, அந்த முடிவை நகலெடுங்கள். அப்படி மாற்றிய உருப்படிகளை மட்டும் கிளிப்போர்டில் பொருத்தி வைக்கவும். பாமினி உருப்படிகளைச் சேமித்தால், டிட்டோவில் தமிழில் தட்டித் தேடினாலும் அவை அகப்படமாட்டா.

கேள்வி: லினக்ஸில், நகலெடுத்துவிட்டு அந்தச் சாளரத்தை மூடினால் ஒட்ட ஒன்றுமே இருப்பதில்லை. பழுதா?

பதில்: பழுதன்று. அங்கே சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய எக்ஸ்11 முறையில், நகலெடுத்த உரை அதை நகலெடுத்த மென்பொருளிடமே இருக்கும். வேறொரு மென்பொருள் ஒட்டக் கேட்கும்போதுதான் கைமாறும். கொடுக்க வேண்டியவர் மூடிக்கொண்டு போய்விட்டால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. லினக்ஸின் திரைச் சூழல்களில் ஒன்றான கேடீஈயில் உள்ள கிளிப்பர், அல்லது மேலே சொன்ன காப்பிகியூ இயங்கிக்கொண்டிருந்தால், நகலெடுத்த அந்தக் கணமே பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளும். சுட்டியால் தேர்ந்தெடுத்தாலே போதும், நடுப்பொத்தானை அழுத்தி ஒட்டலாம் என்ற இன்னொரு தனிக் கிளிப்போர்டும் லினக்ஸில் உண்டு. கன்ட்ரோல்+சி-யில் ஒன்று, இதில் ஒன்று என்று கூடுதல் மென்பொருள் இல்லாமலேயே இரண்டைக் கையாளலாம்.

கேள்வி: மேக் கணினியில் இத்தகைய வசதி உண்டா?

பதில்: மேக் இயங்குதளத்தின், 2025-இல் வந்த டஹோ பதிப்பில், ஸ்பாட்லைட் என்னும் தேடல் வசதிக்குள்ளேயே கிளிப்போர்டு வரலாறு சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்போர் மேக்கி என்ற திறமூல மென்பொருளைப் பயன்படுத்தலாம். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால், மேக்கின் பெரும்பாலான எழுத்துப் பெட்டிகளில் கன்ட்ரோல்+கே அழுத்திப் பாருங்கள்: தட்டச்சுக் குறி நிற்கும் இடத்திலிருந்து பத்தியின் இறுதி வரை வெட்டப்படும், கன்ட்ரோல்+ஒய் அழுத்தினால் அது திரும்ப வரும். வழக்கமான கமாண்ட்+சி கிளிப்போர்டில் வைத்திருந்தது இதனால் கலையாது.