ஐரோப்பிய ஒன்றியத்தில் நீதிபதிகள், வழக்கறிஞர்கள், நீதிமன்ற ஊழியர்களுக்கு எல்லை கடந்த பயிற்சி நடத்த நிதி கிடைக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

கிடைக்கும். ஐரோப்பாவில் வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி நடத்தும் ஓர் அமைப்பில் சில வருடங்கள் திட்டக் கணக்கு பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் தனி நீதிபதியாகவோ அரசு வழக்கறிஞராகவோ இருந்தால் மானியத்துக்கு அலைய வேண்டியதே இல்லை. 2000-ல் தொடங்கி பிரஸ்ஸல்ஸில் இயங்கும் ஐரோப்பிய நீதித்துறைப் பயிற்சி வலையமைப்பு பரிமாற்றத் திட்டங்களை நடத்துகிறது. வேறொரு நாட்டு நீதிமன்றத்தில் சில நாட்கள் கூடவே இருந்து வேலையைப் பார்த்துவரலாம். உங்கள் நாட்டுப் பயிற்சி நிறுவனத்திடம் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

அமைப்பாகப் பயிற்சி நடத்த நினைத்தால், முக்கியமான இடம், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் நீதித் திட்டம் (Justice Programme). 2021 முதல் 2027 வரைக்கும் ஏறத்தாழ 30.5 கோடி யூரோ ஒதுக்கியிருக்கிறார்கள். நீதித்துறைப் பயிற்சி அதன் மூன்று நோக்கங்களில் ஒன்று. நோட்டரி, அமீனா, சிறை அலுவலர், நன்னடத்தை அலுவலர் எல்லோருமே இதில் வருவார்கள். டென்மார்க் மட்டும் இந்தத் திட்டத்தில் சேரவில்லை, அதனால் பங்காளி அமைப்பைத் தேடும்போதே அதைக் கவனியுங்கள். மானிய விதிகள் ஏற்கும் செலவில் 90 சதவீதம் வரை மானியம் தருவார்கள், மீதி நம் கையிலிருந்து போக வேண்டும். சின்ன அமைப்புகளுக்கு இந்தப் பத்து சதவீதம்தான் பாரம். நம் ஊழியர்கள் திட்டத்துக்கு உழைக்கும் நேரத்தின் சம்பளமும் செலவுக் கணக்கில் சேரும் என்பதால் ஓரளவு சமாளிக்கலாம்.

எங்கள் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ‘ஐரோப்பியச் சட்டம் பற்றிய விழிப்புணர்வு குறைவாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தோம். எங்கே குறைவு, யாருக்குக் குறைவு என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை ஆறு மாதம் முன்னதாகவே ஆரம்பித்து, நான்கு நாட்டு அலுவலகங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: ‘வெளிநாட்டுக் கோரிக்கைகளில் எது உங்கள் மேசையிலிருந்து திரும்பிப் போகிறது, ஏன்?’ வந்த பதில்களே பயிற்சியின் பாடத்திட்டம் ஆயின. விண்ணப்பமும் தேறியது. யாரை யாரோடு ஒரே மேசையில் உட்கார வைக்கப் போகிறோம் என்பது தெளிவானால் பட்ஜெட் தானாக வரும் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐரோப்பியப் புலனாய்வு ஆணைப் படிவத்தை வைத்துப் பயிற்சி நடந்தது. ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டிடம் சாட்சியம் திரட்டித் தரக் கேட்கும் ஆணை இது. 2017 மே 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏற்பதா இல்லையா என்று முடிவுசெய்ய 30 நாள், அதற்குப் பிறகு செய்துமுடிக்க 90 நாள் என்று கெடு. போர்த்துகலிலிருந்து வந்த ஓர் அரசு வழக்கறிஞர், சந்தேக நபரின் வங்கி விவரங்கள் அனைத்தும் வேண்டும் என்று எழுதினார். பக்கத்தில் இருந்த ஜெர்மானிய அலுவலக எழுத்தர் பென்சிலால் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, ‘எந்த தேதியிலிருந்து எந்த தேதி வரை? இந்த வழக்குக்கு அது எதற்கு? இது இல்லாமல் வந்தால் நான் திரும்பக் கேட்டு எழுதுவேன், உங்களுக்கு மூன்று வாரம் போய்விடும்’ என்றார். அந்த மூன்று வாரத்தில் காவலில் ஒருவர் காத்திருக்கலாம், பாதிக்கப்பட்டவரும் காத்திருக்கலாம். சட்டப் பிரிவுகளை விளக்கும் இரண்டு மணி நேர உரையில் இது வராது.

அந்த எழுத்தருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்ததால்தான் அந்தப் பேச்சே நடந்தது. அதனால் உரைபெயர்ப்புச் செலவை மட்டும் பட்ஜெட்டில் வெட்டாதீர்கள். வெட்டினால் எல்லா நாட்டிலிருந்தும் ஆங்கிலம் தெரிந்த அதே பத்துப் பேர்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். கோப்பைக் கையில் வைத்திருக்கும் எழுத்தர் வரமாட்டார். நீதிபதிகளுக்காவது பல நாடுகளில் தனிப் பயிற்சி நிறுவனம் உண்டு, ஊழியர்களை நினைப்பவர் குறைவு. இது என் நீண்டநாள் ஆதங்கம்.

அப்புறம், தனியாகத் தொழில் செய்யும் வழக்கறிஞர் இரண்டு நாள் அலுவலகத்தை மூடிவிட்டு வந்தால் அந்த வருமானம் போச்சு. மானியம் அதை ஈடுகட்டாது. நாங்கள் சட்டப் பகுதியை முன்கூட்டியே மாலை நேர இணைய வகுப்பாக முடித்துவிட்டு, நேரில் ஒரே ஒரு நாள் படிவப் பயிற்சிக்கு மட்டும் வரவழைத்தோம். வழக்கறிஞர் வருகை நன்றாகவே கூடியது.

பயணம், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றுக்கு இதற்கு இவ்வளவு என்று ஆணையம் நிர்ணயித்த அலகுத் தொகைகள் உண்டு, அவற்றைத்தான் போட வேண்டும். முதல் தடவை என்றால் தலைமை விண்ணப்பதாரராக இறங்காமல், அனுபவமுள்ள அமைப்பின் பங்காளியாகச் சேருங்கள். விண்ணப்பம் கேட்டு அடுத்த அறிவிப்பு வருவதற்கு முன்பே, உங்களால் எந்த ஊழியர்களை அனுப்ப முடியும் என்ற பட்டியலோடு அவர்களுக்கு எழுதிவிடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு எழுதினால் கூட்டணி ஏற்கனவே முடிந்திருக்கும்.